ஐந்தாவது தாளை எழுதியது நான்தான்

பரலோகத்திலும் நேரம் பார்க்காமல் பேசி, பக்கத்தில் இருப்பவர்களைக் கொட்டாவி விடவைத்துக்கொண்டிருக்கும் என் ஆசை அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. எழுதினால் அது பொய். பாஸ்டர் மகள் பொய் சொல்லக் கூடாது என்று நீங்கள் ஆயிரம் தடவை சொன்னதை நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இன்றைக்காவது கேட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ஒரு செய்தி. அம்மா உங்கள் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். தேனி அல்லிநகரத்தில் மாடி மண்டபத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை நடக்குமே, அதே சபை ஊழியர் தொடர்கல்வி. வெள்ளைச் சட்டைகளுக்கு நடுவில் ஒரே ஒரு சேலை. அம்மா படித்து முடித்தால்தான் நம் தேவாரம் ஊர்ச் சபையை அவள் கையில் விடுவார்களாம். இல்லையென்றால் புது ஊழியர் வருவார். அவர் வந்தால் சபைக்குப் பின்னால் இருக்கிற நம் இரண்டு அறை வீடும் அவருக்குத்தான். ஆக, மற்றவர்கள் பரலோகத்தில் இடம் பிடிக்கப் படிக்கிறார்கள். அம்மா தேவாரத்தில் இருக்கிற இடத்தைக் காப்பாற்றப் படிக்கிறாள்.

நீங்கள் மட்டும் எதற்காகப் படித்தீர்கள் என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தியவர், ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போன ஜீப் டிரைவர், ஒருநாள் அழைப்பு வந்தது என்று ஸ்டியரிங்கை விட்டுவிட்டு மைக்கைப் பிடித்தவர். ஸ்டியரிங்கை விட்டீர்களே தவிர ஜீப்பை விடவில்லை. எந்த வசனத்தில் ஆரம்பித்தாலும் மூன்றாவது நிமிடம் பிரசங்கம் மலை ஏறிவிடும். பிரேக் பிடிக்காது. பள்ளம் தெரியும். ஆண்டவர் வந்து கியர் போடுவார். சபை அல்லேலூயா சொல்லும். நான் கடைசிப் பாயில் உட்கார்ந்து, இந்த வாரம் ஜீப்பில் எத்தனை பேர் என்று பிள்ளைகளோடு பந்தயம் கட்டுவேன். உங்கள் ஜீப்பில் ஆள் கூடிக்கொண்டேதான் போனது, அப்பா. சபையில்தான் குறைந்தது.

இதை உங்கள் முகத்துக்கு நேரே சொன்ன ஒரே ஆள் ஞானராஜ் மாமா. உரக்கடைக்காரர், நம் சபையின் மூப்பர், பன்னிரண்டு வருடமாக முன்வரிசையில் உட்கார்ந்து உங்களைத் தாங்கிக்கொண்டவர். நம் வீட்டில் காப்பி டம்ளரை உருட்டிக்கொண்டே அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"ஐயா, கோச்சுக்கிற மாட்டீகன்னா ஒண்ணு சொல்றேன். தேனியில ஊழியக்காரகளுக்குன்னு ஒரு வகுப்பு நடக்குதாம். சேருங்களேன்."

"எனக்கு எதுக்குய்யா படிப்பு? ஆவியானவர் இருக்காரு."

"இருக்காருதான். ஒரே கதைய எத்தன தடவ கேக்குறதுன்னு அவருக்கும் இருக்கும்ல."

நீங்கள் சிரித்துவிட்டீர்கள். சிரித்ததால் சேர்ந்தீர்கள். மாதாமாதம் விடிவதற்குள் மாமாதான் தன் வண்டியில் உங்களை பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டார். வேதத்தில் இருக்கிற கடிதங்களைப் பற்றி நீங்கள் பெரிய குயர் நோட்டில் "நிருபத்தின் பின்னணி, நிருபத்தின் பின்னணி" என்று மனப்பாடம் செய்வீர்கள். "பின்னணி எல்லாம் சரிப்பா, பாட்டு எப்ப வரும்?" என்று நான் கேட்பேன். ஐம்பது வயதில் ஒரு மனிதர் பாடம் எழுதுவதைப் பார்த்துச் சிரிப்பது எவ்வளவு சுலபம் தெரியுமா?

அப்புறம்தான் அந்தத் தாள் வந்தது. வகுப்பில் சேர்ந்தவர்கள் சொந்தச் சபையில் பிரசங்கம் பண்ண வேண்டும். கேட்டவர்களில் ஐந்து பேர் ஆளுக்கொரு கருத்துத்தாளில், என்ன புரிந்தது, என்ன குறை என்று எழுதி, கவரில் போட்டு ஒட்டித் தர வேண்டும். பாஸ்டர் அதைப் பிரிக்காமல் வகுப்பில் ஒப்படைக்க வேண்டும். பிரிக்காமலாவது, ஒன்றாவது. வகுப்பு நாள் காலையில் நம் வீட்டில் இட்லி வேகும் முன்னால் கவர்கள் வெந்தன. ஆவியில் காட்டிப் பிரித்து, படித்து, சோற்றுப் பருக்கை வைத்துத் திரும்ப ஒட்டுவீர்கள். மற்ற பாஸ்டர்களும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று அம்மாவிடம் சமாதானம் வேறு.

முதல் மாதம் சபையார் எழுதிய குறைகளை நான் மறக்க மாட்டேன். மைக்கில் சத்தம் குறைவு. ஃபேன் ஓடவில்லை. பாஸ்டர் ஐயா தண்ணீர் குடிக்காமல் பேசுகிறார், தொண்டை என்னத்துக்கு ஆகும். வகுப்பு ஆசிரியர் உங்களைக் கூப்பிட்டு, "பாஸ்டர், இது கருத்துத்தாளா, கல்யாண வாழ்த்தா?" என்று கேட்டாராம். அடுத்த தடவை ஒரு தாளிலாவது உண்மையான குறை இல்லையென்றால் மதிப்பெண் கிடையாது என்றாராம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பிரசங்கத்தை முடித்துவிட்டுச் சபையைப் பார்த்துக் கெஞ்சினீர்கள். "யாராவது ஒருத்தர் எம்மேல ஒரு குறை எழுதுங்கய்யா." ஒருவரும் அசையவில்லை. அபிஷேகம் பெற்றவரைக் குறை சொன்னால் பாவம் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தானே. நான்கு தாள் நிரம்பியது. நான்கிலும் தேன் வழிந்தது. ஐந்தாவது தாள் மேசையில் சும்மா கிடந்தது.

அதை நான் எடுத்தேன். கையெழுத்து தெரியக் கூடாது என்று இடது கையால் எழுதினேன். "பொருள்: காணாமற்போன ஆடு. ஆடு சீக்கிரம் கிடைத்துவிட்டது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள்தான் காணாமற்போனார்கள். பாஸ்டர் வேதத்தைத் திறக்கிறார், படிப்பதில்லை. பன்னிரண்டு வருடமாக இங்கே ஒரே பிரசங்கம்தான்; ஆடு போய் மீன் வரும், மீன் போய்க் காகம் வரும், ஜீப் மட்டும் போகாது. இப்படிக்கு, ஒரு விசுவாசி."

எழுதி முடித்ததும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? பள்ளிக்கூடத்தில் எந்தக் கட்டுரைக்கும் அவ்வளவு உழைத்ததில்லை.

சனிக்கிழமை காலை நீங்கள் அதைப் பிரித்துப் படித்தபோது நான் மூன்றடி தள்ளிப் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு தடவை படித்தீர்கள். "யாரு எழுதுனது?" என்று அம்மா கேட்டாள். "எனக்குத் தெரியும்" என்றீர்கள். என்னைப் பார்க்கவே இல்லை. வாயில் நுரையோடு நான் நின்ற அந்த நேரத்தில் ஒரு வார்த்தை துப்பியிருந்தால் போதும். முதலில் வேடிக்கையாக இருந்ததால் துப்பவில்லை. பிறகு பயமாக இருந்ததால் துப்பவில்லை. அன்றைக்கு மாமா வண்டியோடு வாசலில் வந்து நின்றார். நீங்கள் அவரைத் தாண்டி நடந்தே பஸ் ஸ்டாண்டுக்குப் போனீர்கள்.

அந்தத் தாளை நீங்கள் ஒளிக்கவில்லை, அதுதான் உங்களிடம் எனக்குப் பிடித்தது. ஒப்படைத்தீர்கள். முழு மதிப்பெண் வாங்கினீர்கள். அடுத்த நாள் சபையில் வந்து, கூட இருந்து சாப்பிட்டே காட்டிக்கொடுத்தவனைப் பற்றிப் பிரசங்கித்தீர்கள். முன்வரிசையைப் பார்த்தே பேசினீர்கள். மாமா எழுந்து நின்றார்.

"ஐயா, என்னயவா சொல்றீக?"

"யாரு எழுதுனாகளோ அவுகளுக்குத் தெரியும்."

அவர் வெளியே நடந்தார். வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளுக்குள் தன் செருப்பைத் தேடினார். இடதுகால் கிடைத்தது, வலதுகால் கிடைக்கவில்லை. அவர் தேடும் சத்தத்தைச் சபை முழுவதும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நானும்தான். நீங்கள் எழுதினீர்களா என்று அவரைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்க உங்களுக்கு ஏன் தோன்றவில்லை? நிருபம் யார் எழுதியது, யாருக்கு எழுதியது, ஏன் எழுதியது என்று வாரம் முழுக்கப் படித்த ஆள்தானே நீங்கள்?

அதற்குப் பிறகு நீங்கள் வெறிபிடித்தது போலப் படித்தீர்கள். அந்தத் தாளைப் பொய்யாக்கவே படித்தீர்கள் என்று எனக்குத் தெரியும். என் கேலிதான் உங்களைப் படிக்கவைத்தது என்று உள்ளுக்குள் ஒரு கொழுப்பு எனக்கு. இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு, இருபதே நிமிடம், ஜீப் இல்லை, மலை இல்லை. பன்னிரண்டு வருடமாக ஒரு வசனத்துக்குத் தான் தப்பாகப் பொருள் சொன்னதாகச் சபை முன்னால் ஒத்துக்கொண்டு, சரியான பொருளை நிறுத்தி நிதானமாகச் சொன்னீர்கள். நான் பந்தயத்தை மறந்து கேட்டேன், அப்பா. அதைக் கேட்க வேண்டிய ஒரே ஆள் தன் உரக்கடையில் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை குளிக்கப்போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்கள். அவ்வளவுதான். வசனத்தின் பொருளைத் திருத்தினீர்கள். ஆளைப் பற்றி நினைத்ததைத் திருத்த நேரம் இல்லை.

அடக்கத்துக்கு மாமா வந்தார். சாலைக்கு அந்தப் பக்கம் வெயிலில் நின்றார். உள்ளே வா என்று ஒருவரும் சொல்லவில்லை. "அந்தத் தாளுதான் ஐயா நெஞ்ச அடச்சிருச்சு" என்று சபை தீர்ப்பு எழுதிவிட்டது. இன்றைக்கும் மாமாவின் மனைவி, நம் அத்தை, காய்கறிக் கடையில் ஸ்தோத்திரம் சொன்னால் நம் சபைப் பெண்கள் கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். போன மாதம் மாமாவின் தாயார் இறந்ததற்குச் சபையிலிருந்து ஒரு ஆள் போகவில்லை. ஜெபம் பண்ண போடியிலிருந்து ஆள் கூட்டிவந்தார்களாம். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரக்கப்பட்டதாக நினைக்காதீர்கள். மாட்டிக்கொள்ளவில்லை என்ற நிம்மதிதான் அப்போதும் இருந்தது.

இந்த மாதம் அம்மாவுக்குக் கருத்துத்தாள் கொடுத்திருக்கிறார்கள். ஐந்தையும் மடியில் வைத்துக்கொண்டு, "ஞானராசு மாதிரி எவனும் எழுதி என்னயவும் கொன்னுறக் கூடாதுடி" என்றாள். எனக்கு வாய் தானாகத் திறந்துகொண்டது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அம்மா அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. நெடுநேரம் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"யாருட்டயும் சொல்லிட்டியா?"

"இல்ல."

"சொல்லாத. நான் படிப்ப முடிக்கிற வரைக்கும் சொல்லாத. ஒங்கப்பா கவரப் பிரிச்சாக, தப்பான ஆளப் பழி சொன்னாகன்னு தெரிஞ்சா, அவுக பொஞ்சாதிய எவன் பாஸ்டரம்மான்னு ஏத்துக்குவான்? செத்தவுக மானத்த விடு. நாம எங்கன போயிப் படுக்குறது?"

"மாமா?"

"அவன் இம்புட்டு நாள் தாங்குனான்ல. இன்னும் ஒரு வருசம் தாங்கட்டும்."

அம்மா அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. இப்படிப் பேச அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று யோசித்தேன். நான்தான்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் உரக்கடைக்குப் போனேன். மாமா மூட்டை மேல் உட்கார்ந்து கணினியில் ஏதோ ரசீது அடித்துக்கொண்டிருந்தார். என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வேடிக்கை வார்த்தையும் சேர்க்காமல் பேசினேன். ஐந்தாவது தாளை எழுதியது நான்தான் மாமா என்றேன். அவர் கோபப்படுவார், அல்லது தலையைத் தடவி விடுவார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை.

"என்ன எழுதிருந்த? அதையாச்சும் சொல்லு. எதுக்குச் செருப்படி வாங்குனேன்னு இதுவரைக்கும் எனக்குத் தெரியாது."

சொன்னேன். ஆட்டில் ஆரம்பித்து ஜீப் வரைக்கும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். சிரிக்கிறாரா என்று பார்த்தேன். இல்லை.

"அம்புட்டும் நெசந்தான், ஆத்தா. ஆனா நான் எழுதிருந்தா ஞானராசுன்னு கீழ பேரு போட்ருப்பேன். அது ஒங்கப்பாவுக்குத் தெரியலயே. பன்னெண்டு வருசம், ஆத்தா."

"மன்னிச்சிருங்க மாமா."

"இங்கன வந்து எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? எனக்குத் தெரியும் நான் எழுதலன்னு. தெரியாதவுகட்டப் போயிச் சொல்லு. ஒங்கம்மாவுக்கு ஆகாதுன்னா வேண்டாம், விட்ரு. பாதி பேருட்டச் சொல்லி, பாதி பேருட்ட மறைக்கிறதுன்னா அதுவும் வேண்டாம். கெளம்பு. யாவாரம் நடக்குற நேரம்."

ஒரு வாரம் யோசித்தேன். அம்மா பரீட்சைக்குப் படிக்கிற சத்தம் பக்கத்து அறையில் கேட்கிறது. நன்றாகத்தான் படிக்கிறாள், உங்களைவிட நன்றாக. அவள் ஜெயித்துவிடுவாள் போலத்தான் இருக்கிறது. நான் வாயைத் திறந்தால் வீடு போகலாம். திறக்காவிட்டால் அம்மா ஞாயிறுதோறும் மைக்கைப் பிடித்து உண்மையைப் பற்றிப் பிரசங்கிப்பாள். நான் கடைசிப் பாயில் உட்கார்ந்து அதைக் கேட்க வேண்டும். அதற்கு மேல் உங்களுக்கு ஒரு தண்டனை தெரியுமா?

அதனால் ஒரு வாக்கு, அப்பா. வரும் ஞாயிறு சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து நிற்பேன். எழுதியது நான் என்று சொல்வேன். கவரைப் பிரித்தது நீங்கள் என்று சொல்வேன். ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு மனிதரை வெளியே அனுப்பினீர்கள், நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம் என்று சொல்வேன். யாரையும் சிரிக்கவைக்க மாட்டேன். அம்மாவிடம் சனிக்கிழமை இரவே சொல்லிவிடுவேன், பெட்டி கட்டுவதென்றால் அவளுக்கு ஒரு ராத்திரியாவது வேண்டும். உங்களுக்காக அழுதவர்களில் பாதிப் பேர் அதோடு நிறுத்திவிடுவார்கள். மன்னிக்கச் சொல்லி உங்களிடம் நான் கேட்கவில்லை. நீங்களும் என்னிடம் கேட்காதீர்கள். அந்த வரிசையில் நமக்கு முன்னால் மாமா நிற்கிறார்.

உங்கள் பெயரைக் கெடுக்கப்போகிறவளும், உங்கள் பெயரின் முதல் எழுத்தைக் கடைசிவரை தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளப்போகிறவளுமான உங்கள் ஒரே மகள்,

த. ஜெபா