கத்திரிப்பூக் கல்

பொன்னேரி
11.2.2004

அன்புள்ள சிஃபாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் அம்மாவும் நலம். அங்கே மாமா, மாமி நலமா? கேட்டாயிற்று, விஷயத்துக்கு வருகிறேன்.

நம் நிக்காஹுக்கு நீயே நகை செய்யப்போவதாகச் சொல்லி, எந்தக் கல் நல்லது என்று கேட்டு மூன்று கத்திரிப்பூக் கல் அனுப்பியிருந்தாய். கும்மிடிப்பூண்டியில் எங்கள் உருக்காலை லேபுக்கு எடுத்துப்போய்ப் பார்த்தேன். இது காக்காப்பொன் ஜாதி, ஏடு ஏடாக அடுக்கியது. நகத்தால் கீறினேன்; மூன்றிலும் கோடு விழுந்தது. மூன்றாவதில் ஓரம் அப்பளம் மாதிரி உரிந்தது. மோதிரத்தில் பதித்தால் பாத்திரம் தேய்க்கிற முதல் நாளே போய்விடும்.

மூன்றும் சரியில்லை. கடையில் கெட்டிக் கல்லாக வாங்கிவிடலாம். கல்யாணத்துக்கு அப்புறம் உனக்கு இந்த வேலையெல்லாம் தேவையே இல்லை. கற்களை இத்துடன் திருப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
அஸ்கர் அலி


பழவேற்காடு
16.2.2004

மச்சானுக்கு ஸலாம்.

மோதிரம் என்று நான் எழுதினேனா? செய்யப்போவது பதக்கம். கழுத்தில் எந்தப் பாத்திரம் வந்து உரசும்? மெத்தென்ற கல் என்று தெரிந்துதான் கல்லைக் கவ்வும் கொக்கி வைக்காமல், சுற்றிலும் வெள்ளித் தகட்டால் வேலி கட்டி விளிம்பை மட்டும் கல்மேல் மடக்குகிறேன்.

கூடூரிலிருந்து வந்த ஒரு தட்டுக் கல்லில், வாசல் வெயிலில் பகல் முழுக்க உட்கார்ந்து பொறுக்கிய மூன்று அவை. எது அழகு என்றுதான் கேட்டேன். கலரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வாப்பா கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இன்னாம்மா, மாப்ள பூனையா? பிராண்டிக்கினே இருந்திருக்காரு” என்றார். அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. “தேவையே இல்லை” என்று எழுதிவிட்டீர்கள். என் வேலைப்பலகை வராத வீட்டுக்கு நானும் வர மாட்டேன், மச்சான். வாப்பாவிடமும் சொல்லிவிட்டேன்.

மூன்றாவது கல்லை மட்டும் மறுபடி அனுப்புகிறேன். இந்தத் தடவை கண்ணால் பாருங்கள்.

சிஃபா


பொன்னேரி
23.2.2004

அன்புள்ள சிஃபா,

உன் கடிதத்தைப் படித்ததும் கோபம் வந்தது. நீ முதலில் எழுதியதைத் தேடி எடுத்துப் பார்த்தேன். மோதிரம் என்ற சொல்லே அதில் இல்லை. தப்பு என்னுடையது.

முந்தாநாள் காலை வேலைக்குப் போகும்போது சூலூர்ப்பேட்டை வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து கல்லை வெயிலில் பிடித்தேன். எதிரே, தினமும் அதே வண்டியில் மீன் கூடையோடு வரும் கன்னியம்மா.

“இன்னா தம்பி, இப்படி மினுக்குது? யாருக்கு?”

“டெஸ்ட்டுக்கு.”

“டெஸ்ட்டா! பொண்ணுக்குன்னு சொல்லேன். வாய் வலிக்குமா?”

பெட்டியே சிரித்தது. நான் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாய்க்கச் சாய்க்க உள்ளே ஏதோ பூத்துப் பூத்து அடங்குகிறது. எனக்குக் கலரைச் சொல்ல வராது. ஆனால் கும்மிடிப்பூண்டியில் இறங்க மறந்து, எளாவூரில் இறங்கி, பஸ் பிடித்துத் திரும்பினேன். லேட் மார்க் போட்டார்கள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை.

ஆகவே மூன்றாவது கல். அதுதான் அழகு.

கல்லோடு ஒரு பித்தளைத் தள்ளுகோல் வைத்திருக்கிறேன். நானே லேத்தில் கடைந்தேன். முனை மழுங்கல், விளிம்பை மடக்கும்போது கை வழுக்கினாலும் கல்லைக் கீறாது. பிடிக்காவிட்டால் சொல், வேறு செய்கிறேன்.

“தேவையே இல்லை” என்றதை அடித்துவிடு. கிழக்கு ஜன்னலோரம் இருந்த என் மேஜையை நகர்த்திவிட்டேன். அங்கே காலையில் நல்ல வெளிச்சம். அம்மா, “இன்னாடா, மருமவ வர்றதுக்குள்ள ஊட்டையே பொரட்டிப் போட்ட?” என்கிறார். பலகையின் நீளம் எவ்வளவு? உடனே எழுது. எனக்குக் காத்திருக்க வராது.

அஸ்கர்


பழவேற்காடு
28.2.2004

அன்புள்ள மச்சானுக்கு,

பலகை மூன்றடி.

தள்ளுகோல் என் கைக்கு அளவெடுத்தது போல இருக்கிறது. விளிம்பு அலுங்காமல் மடங்கிவிட்டது. நேற்று முழுக்க அதைக் கீழே வைக்காமல் திரிந்தேன்; அம்மா, “சோறு திங்கவாச்சும் அத வெச்சிட்டு வாடி” என்று கத்தினார்.

உங்கள் கீறலைத் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. மேல்பக்கமே இருக்கட்டும் என்று பதித்துவிட்டேன். யாராவது கேட்டால் பூனைக் கதையைச் சொல்ல வாப்பா இப்போதே தயார்.

பதக்கத்தை இப்போது அனுப்ப மாட்டேன். நிக்காஹ் அன்று என் கழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வரும்போது மறக்காமல் நகம் வெட்டிக்கொண்டு வாருங்கள்.

உங்கள்
சிஃபா