ரப்பர் பாலுக்கு அடியில் இருக்கும் முகம்

என் உயிரோடு ஒட்டிய வசந்தாக்காவுக்கு,

போன பௌர்ணமி, போயா லீவுக்குக் கோயில் மண்டபத்தில் பாய் விரித்தபோது இருந்தவர்கள்: நான், ஆட்டோ ஓட்டும் செல்வம், தெஹியோவிட்டவிலிருந்து பஸ்ஸில் வந்த நஸீரா டீச்சர், தோட்டத்துப் புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட் காயவைக்கும் சிங்களத் தம்பி ரஞ்சித். அவ்வளவுதான். நீ உட்காரும் தூணோரத்தில் யாரும் உட்காரவில்லை.

நீ இறந்துபோய்ப் பத்து மாதமாகிறது. படம் வரைகிற நம் கூட்டத்தை நாங்கள் விடவில்லை அக்கா. மாதம் ஒரு படம், நடந்து முடிந்த காலத்துக் கதையாக இருக்க வேண்டும், எப்படிச் செய்தோம் என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நீ போட்ட சட்டம் அப்படியே இருக்கிறது.

செல்வம் வழக்கம்போல, அந்தக் காலத்தில் தோட்ட வேலைக்கு மன்னாரிலிருந்து நடந்து வந்த நம் ஆட்களை வரைந்திருந்தான். தேயிலைச் சாயத்தைத் தாளில் மூன்று தடவை ஊற்றிக் காயவைத்தானாம், பழைய காகிதம் மாதிரியே இருந்தது. நஸீரா டீச்சர் பழைய பாய்மரக் கப்பல் ஒன்றை வரைந்து கொண்டுவந்திருந்தார்.

“டீச்சர், இந்தக் கப்பல் மிதக்குமா?” என்றான் செல்வம்.

“மிதக்கும். உங்க ஆளுங்களை ஏத்தினாத்தான் முங்கும். ஏன் செல்வம், நூறு பேரு நடந்து வர்றாங்க, நூறு பேருக்கும் உங்க மூக்கு?”

“கண்ணாடி பாத்துத்தானே டீச்சர் வரையிறேன். வேற யாரு எனக்குச் சும்மா வந்து நிப்பா?”

எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்போடு எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். நான்தான் உன் படத்தை எடுத்து விரித்தேன்.

டவுன் லைப்ரரியில் ஒரு வாரத்துக்குப் படங்களை மாட்ட இடம் தருகிறார்கள். ஆளுக்கு ஒன்று. உன் பெயரிலும் ஒன்று இருக்கட்டுமே என்று நினைத்தேன், வேறொன்றும் நினைக்கவில்லை. நீ கடைசியாக வரைந்தது, கலவர வருஷத்தில் நம் லயத்து வரிசை வீடுகள் எரிந்த மத்தியானம். நெருப்புக்கு மஞ்சளும் ரோட்டுச் செம்மண்ணும், புகைக்கு அம்மன் விளக்குக் கரி. நடுவில் ஒரு ஆள். அவன் முகத்திலும் வலது கையிலும் நீ ரப்பர் பால் பூசி மூடியிருந்தாய். காய்ந்து, பழுத்து, தோல் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

யார் வாசித்தாலும் விளங்கட்டும் என்று சொல்கிறேன். வெள்ளையாக நிற்க வேண்டிய இடத்தில் முதலில் ரப்பர் பாலைப் பூசுவோம். அதற்கு மேலே எந்தச் சாயம் ஓடினாலும் அடியில் இறங்காது. சாயம் காய்ந்ததும் பாலை உரித்துவிட்டு அந்த இடத்தை நிதானமாக வரைவோம். இரண்டு நாளில் உரித்துவிட வேண்டும். நீ உரிக்காமல் போய்விட்டாய்.

ரஞ்சித் குனிந்து பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். பிறகு விரலை அந்த ஆளின் காலுக்குப் பக்கத்தில் வைத்தான். தாளைத் தொடவில்லை.

“அக்கே, இந்தக் கால் இழுக்குது தானே?”

நான் தாளின் ஓரத்தை அழுத்திப் பிடித்தேன்.

“எங்க அப்பாவுக்கு இடது கால் இப்பிடித்தான். கம்பு இல்லாம நடந்தா இப்பிடித்தான் சரியும். இது எங்க அப்பா.”

செல்வம் பீடியை எடுத்தான், கோயில் மண்டபம் என்று நினைவு வந்து திரும்பப் பையில் வைத்தான். நஸீரா டீச்சர், “சுருட்டி வைங்க புஷ்பம், மழை வர்ற மாதிரி இருக்கு,” என்றார். வானத்தில் ஒரு மேகம் இல்லை.

“சுருட்ட வேணாம்,” என்றான் ரஞ்சித். “அன்னைக்கு அப்பா தண்ணி ஊத்தத்தான் போனாருன்னு எங்க அம்மா சொல்றாங்க. ஊருல வேற மாதிரியும் சொல்றாங்க. ரெண்டு பக்கமும் காதால கேட்ட கதை. வசந்தாக்கா கண்ணால பாத்தவங்க. அந்தக் கையில என்னா இருக்குன்னு எனக்குத் தெரியணும்.”

“கிழிஞ்சிரும் தம்பி. பத்து மாசத்துப் பால்,” என்றேன்.

“நான் ரப்பர்ல வேலை செய்றவன் அக்கே. லேசா சூடு காட்டி, காய்ஞ்ச ஒட்டுப்பால் உருண்டையை வச்சு உருட்டினா, தோலு அதுலயே ஒட்டிக்கிட்டு வந்திரும். அடுத்த போயாவுக்குக் கொண்டாறேன். பய வென்ன எப்பா.”

பயப்படாதே என்று அவன் எனக்குச் சொல்கிறான்!

அக்கா, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உரித்ததும் அந்தக் கையில் பந்தம் இருந்துவிட்டால்? லைப்ரரிக்கு நம் ஆட்களும் வருவார்கள், ஊர்ச் சிங்கள ஆட்களும் வருவார்கள். என் மகள் இதே ரோட்டில்தான் தினமும் வேலைக்குப் போய் வருகிறாள். நாற்பது வருஷத்துக்கு மேலாக மூடிக்கிடந்ததை நாம் எதற்காகத் தொட்டோம்? ரோட்டில் ஒரு லாரி வேகம் குறைத்தால்கூட வாசலுக்கு வந்து நிற்கிறேன். லயம் எரிந்த அன்றைக்கும் அப்படித்தானே ஒரு லாரி நின்றது?

பயத்தில் என் நோட்டை எடுத்தேன். உனக்குக் கை நடுங்க ஆரம்பித்த பிறகு சாயம் கலக்கித் தருவது நான்தானே. நீ கேட்பாய், நான் தருவேன், தந்ததை அன்றன்றைக்கே எழுதி வைப்பேன். நீ என்னைக் கங்காணி என்று கேலி செய்வாய். அந்தப் படத்துக்கான பக்கத்தில் முதல் நாள் இப்படி எழுதியிருக்கிறேன்: “பென்சில் கோடு. முகம், கை: ரப்பர் பால் ஒரு கரண்டி, தண்ணீர் அரைக் கரண்டி, சோப்பு ஒரு சொட்டு. பால் ரஞ்சித் கொண்டுவந்து கொடுத்தது.”

அவன் கொடுத்த பாலால்தான் அவன் அப்பாவை மூடினாயா அக்கா? தெரிந்தா செய்தாய்?

அதற்கு அடுத்த வரியைப் பார்த்துத்தான் நான் தரையில் உட்கார்ந்தேன். மஞ்சள், செம்மண், கரி எல்லாம் இரண்டாம் நாளில் இருந்துதான் தொடங்குகிறது. பால் பூசிய முதல் நாள் உனக்கு நான் ஒரு சாயமும் தரவில்லை. மூன்று தடவை பார்த்துவிட்டேன். பென்சிலால் நீ வெளிக்கோடுதான் போட்டாய், அதுவும் கைமூட்டு வரைக்கும்தான். நான் பக்கத்தில் இருந்தேன்.

அந்தத் தோலுக்கு அடியில் ஒன்றுமே இல்லை. வெள்ளைத் தாள்தான்.

பந்தத்துக்குப் பயந்தேன். இப்போது அதைவிட அந்த வெள்ளைக்குப் பயப்படுகிறேன். ரஞ்சித் உரிப்பான். எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். அவன் பிரஷ்ஷை எடுத்து என் கையில் கொடுப்பான். “நீங்களும் அங்க இருந்தீங்க தானே அக்கே, நீங்க வரைங்க,” என்பான்.

நான் என்ன பார்த்தேன்? எனக்கு ஆறு வயது, உனக்குப் பத்து. மலைச்சரிவில் ரப்பர் மரத்துக்குப் பின்னால் அம்மா ஒரு கையில் சாமி படத்தை அணைத்துக்கொண்டு, மறு கையால் என் கண்ணைப் பொத்தினாள். உன் கண்ணைப் பொத்த அவளுக்கு மூன்றாவது கை இல்லை. விரல் இடுக்கில் எனக்குத் தெரிந்தது ஒரு மடித்துக் கட்டிய சாரமும், இழுத்து இழுத்து நடந்த ஒரு காலும் மட்டும்தான். அந்தக் கால் லயத்தை நோக்கிப் போனது. தண்ணீரோடு போனாலும் நெருப்போடு போனாலும் கால் அதே பக்கம்தானே போகும்?

பூக்கட்டிப் பார்க்கலாம் என்று சிவப்பு ஒன்றும் வெள்ளை ஒன்றும் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு அம்மனிடம் போனேன். பூசாரி அண்ணன் விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பொட்டலத்தை என்னிடமே திருப்பித் தந்தார். “நடக்கப் போறதுக்குத்தாம்மா பூ கேக்கிறது. நடந்து முடிஞ்சதுக்கு ஆத்தா சாட்சி சொல்ல வர மாட்டா. பாத்தவங்களைப் போய்க் கேளு.”

பார்த்தவள் நீதான். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ பார்த்தாயா, இல்லை நீயும் கண்ணை மூடிக்கொண்டாயா? பார்த்திருந்தால், மாதாமாதம் அவன் எதிரே உட்கார்ந்து, அவன் கொண்டுவந்த பணிஸைப் பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டு, எப்படிப் பேசாமல் இருந்தாய்? நல்லதாக இருந்தால் அன்றே சொல்லியிருப்பாயே என்று மனம் ஒரு பக்கம் இழுக்கிறது. மறந்துபோன ஒன்றை எப்படிச் சொல்வாய் என்று இன்னொரு பக்கம் இழுக்கிறது.

நோட்டை அவனிடம் காட்டப் போகிறேன். உரிப்பதற்கு முன்னாலேயே காட்டுவேன். அவனுக்குத் தமிழ் பேசத்தான் வரும், வாசிக்க வராது. நானே வரி வரியாக வாசித்துச் சொல்வேன், பால் அவன் கொடுத்தது என்ற வரியையும் விடாமல். அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசுவானோ, எழுந்து போய்விடுவானோ, தெரியாது.

ஒன்று மட்டும் சத்தியம் அக்கா. அவன் அழுதாலும், ஊரே வந்து நின்றாலும், நீ எனக்குக் காட்டாத எதையும் அந்தக் கையில் நான் வைக்க மாட்டேன். பந்தமும் வைக்க மாட்டேன், குடமும் வைக்க மாட்டேன்.

ஆனால் வெள்ளையாக விட்டால் பார்க்கிறவர்கள் ஆளுக்கொன்றை அதில் வைத்துக்கொள்வார்களே. கனவிலாவது வா. ஒரு வார்த்தை போதும். நோட்டில் அந்தப் பக்கத்தின் அடியில் ஒரு வரி விட்டு வைத்திருக்கிறேன். அடுத்த போயாவுக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. அதற்குள் பதில் சொல்லு.

அன்றைக்கு உன் பக்கத்தில் கண் பொத்தப்பட்டிருந்த தங்கச்சி,
புஷ்பம்