ஐந்து தட்டுத் தேர்

பிப்ரவரி 4, 1963

கடைசி நாலு மின்கம்பம் இன்னும் வரவில்லை. லாரி பெருமாள்மலையில் நிற்கிறதாம். டிரைவருக்கு இதற்கு மேல் ஏற மனசில்லையாம். மனசு! குளிரில் எனக்கு விரல் மடங்கவில்லை.

சாப்பிடப் போன லைன்மேன்கள் இரண்டு பேரும் மூன்று மணிக்குத்தான் திரும்பினார்கள். நான் குடியிருக்கும் வீட்டுக்காரர் திருமலைச்சாமியின் தாயார் காளியாயி அவர்களைத் தாயம் ஆட உட்கார்த்தி வைத்திருக்கிறாள். தொண்ணூறு தாண்டிய கிழவி. போய்ச் சத்தம் போட்டேன்.

“ஏலே கரண்டு, கத்தாத. வெளக்கு இல்லாமத்தான் நான் எட்டுப் புள்ள பெத்தேன். வெளக்கு இருந்திருந்தா ரெண்டோட நின்னிருக்கும். ஒருநா பொறுத்தா என்ன கொறஞ்சு போச்சு?”

திருமலைச்சாமிக்கு எழுபது வயது. தலையைக் குனிந்துகொண்டார். லைன்மேன் பொன்னுவேல் சிரித்த சிரிப்பில் சுத்தியலைக் கீழே போட்டான்.

பிப்ரவரி 9

மழை. வேலை இல்லை. தாயத்தில் தோற்றேன். காய் நகர்த்தும்போது கிழவி ஒரு கட்டம் திருடுகிறாள். முகத்துக்கு நேரே சொன்னேன். “டிப்ளமா படிச்ச ஆளு, கண்டுபிடிக்க இம்புட்டு நேரமா?” என்கிறாள்.

பிப்ரவரி 18

கம்பி இழுத்து முடிந்தது. மாரியம்மன் கோயில் முக்கில் தெருவைத் தாண்டுகிற இடத்தில் ஒன்றுக்கு இரண்டு முறை அளந்தேன். உயரம் விதிப்படிச் சரி.

இருபத்தாறாம் தேதி லைனைச் சோதிக்க மின்சார இன்ஸ்பெக்டர் வருகிறார். அவர் சரி என்றால் இணைப்பு. இணைப்பு முடிந்தால் எனக்குத் திருச்சிக்கு மாற்றல் என்று என்ஜினீயர் வாக்குக் கொடுத்திருக்கிறார். இந்தத் தடவை தவறினால் இன்ஸ்பெக்டர் மறுபடி மலையேறப் பல மாதம் ஆகும். திருச்சி இடம் அதுவரை காத்திருக்காது. இரண்டு வருடம் இந்தப் பனியில் இருந்தாயிற்று. போதும்.

பிப்ரவரி 24

காளியாயி போய்விட்டாள்.

காலையில் கூழ் குடித்தாள். உப்புப் பத்தவில்லை என்று மருமகளை ஒரு வார்த்தை சொன்னாள். சுவரில் சாய்ந்தாள். அவ்வளவுதான்.

அழுவார்கள் என்று ஒதுங்கி நின்றேன். மத்தியானமே மேளம் வந்து இறங்கிவிட்டது. கல்யாணச் சாவாம். பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். கோடைக்கானலுக்கு ரோடு போடும் முன்னே, வெள்ளைக்காரர்களை நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்த காலத்தில் அவள் வாழ வந்தவள். முதன்முதலாக ஒரு துரைசாணி தூக்கிவரப்படுவதைப் பார்த்து, “ஐயோ பாவம், இந்தப் பிள்ளைக்குக் கால் வராதா?” என்று போய்த் தடவிப் பார்த்தாளாம். பெருமாள்மலைப் பூண்டு மண்டியில் எடை மேல் சந்தேகம் வந்து, தானே தராசுத் தட்டில் ஏறி உட்கார்ந்தாளாம். அடுத்த மண்டியிலும் போய் ஏறினாளாம். அங்கே ரெண்டு வீசை கூடவாம். திரும்பி வந்து, “ஒன் தட்டுல ஏறுனதும் ரெண்டு வீசை எளைச்சுட்டேன், எனக்கு வைத்தியம் பாருய்யா” என்று வியாபாரியைப் பிடித்துக்கொண்டாளாம். பழனிக்கு நடந்தே போய்ப் பஞ்சாமிர்தம் முழுசையும் வழியிலேயே தின்றுவிட்டு, வீட்டுக்கு வெறும் கையோடு வந்து, முருகன் திருப்பி வாங்கிக்கொண்டான் என்றாளாம்.

சொல்லச் சொல்லச் சிரிக்கிறார்கள். பிணத்துக்கு முன்னால். எனக்குக் கூச்சமாக இருந்தது.

அம்மா இறந்தபோது எங்கள் வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. அவளுக்கு முப்பத்தாறு வயது. அது வேறுதான். ஆனால் அம்மாவைப் பற்றி எனக்கு ஒரு சிரிப்புக் கதைகூடத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. நானாவது கேட்டேனா?

பிப்ரவரி 25

பழனியிலிருந்து சொந்தக்காரர்கள் வரவேண்டும் என்று எடுப்பதை இன்றைக்கு வைத்திருந்தார்கள். பாடையை இங்கே தேர் என்கிறார்கள். மூங்கிலும் வர்ணக் காகிதமுமாக ஐந்து தட்டு. அவளுக்கு ஒன்று, மகனுக்கு, பேரனுக்கு, கொள்ளுப்பேரனுக்கு, போன மாதம் பிறந்த எள்ளுப்பேத்திக்கு ஒன்று. அவளே சொல்லி வைத்தது.

பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. கழியால் அளந்தேன். தோளில் தூக்கினால் கோயில் முக்கில் என் கம்பிக்கு மேலே ஒரு முழம் போகும். சுடுகாட்டுக்கு வேறு வழி இல்லை.

“மேல் தட்டைக் கழட்டிருங்க” என்றேன்.

மகள் பிச்சையம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள். “எந்தத் தட்டுன்னு நீங்களே சொல்லுங்க தம்பி. எங்கண்ணனயா, பேரனயா, இல்ல தொட்டில்ல கெடக்கிற பச்சப்புள்ளயவா, யாரக் கழட்ட?”

“அப்ப சாய்ச்சுக் கொண்டு போங்க.”

“உள்ள ஒக்காந்திருக்கிறது எங்காத்தா. பூண்டு மூட்டை இல்ல.”

கூட்டம் என்னைப் பார்த்தது. கம்பியில் மின்சாரம் இல்லை, இறக்கலாம்தான். ஆனால் இறக்கினால் நாளைக் காலைக்குள் ஏற்றி விறைப்புப் பார்க்க முடியாது. அதையும் சொன்னேன். நாளை என்ன நாள் என்பதையும் சொன்னேன்.

திருமலைச்சாமிதான் முதலில் விட்டுக்கொடுத்தார். “விடு பிச்சை. நம்மால அவுக சோலி கெட வேணாம். ஆத்தா ஒண்ணும் சொல்லாது.” அரிவாளை வாங்கிக்கொண்டு தேர் மேல் ஏறினார். மேல் தட்டைக் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்தார். அறுக்கவில்லை. பிடித்தபடியே நின்றார். இரண்டு நாளாகச் சிரித்துக்கொண்டிருந்த மனுஷன், தோள் குலுங்கியது.

“பொன்னுவேல், கம்பிய இறக்கு” என்றேன்.

“சார், அப்புறம் ஏத்த ஆள் இல்லீங்க. நான் தேருக்குத் தோள் குடுக்கணும். இன்னொருத்தன் இப்பவே நிக்கிற நெலையில இல்ல.”

“தெரியும். வெரசா இறக்கு.”

ஏன் சொன்னேன்? இப்போதும் விளங்கவில்லை.

பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்து முன்னால் போனார்கள். ஐந்து தட்டும் ஆடி ஆடி முக்கைத் தாண்டியது. யார் காலிலும் சிக்கக்கூடாது என்று தரையில் கிடந்த கம்பியை மிதித்துக்கொண்டு நின்றேன். காளியாயியின் ஓரகத்தி குப்பம்மாள், எண்பதுக்கு மேல் இருக்கும், ஆடிக்கொண்டே வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். “கம்பி எங்கயும் ஓடிப்போகாது, வாங்க தம்பி!”

நான் ஆடவில்லை. கை தட்டினேன். கொஞ்சம்.

பிப்ரவரி 26

இன்ஸ்பெக்டர் வந்தார். தரையில் கிடந்த கம்பியைப் பார்த்தார்.

“ஒரு சாவுக்காகவா இறக்கினீங்க?”

“ஆமா சார்.”

“மறுபடி எப்ப வர முடியும்னு சொல்ல முடியாது.” காப்பிகூடக் குடிக்காமல் ஜீப்பைத் திருப்பினார். அவர் செய்ததில் தப்பே இல்லை.

பிப்ரவரி 27

கோபமாக இருக்கிறது. யார் மேல் என்று பிடிபடவில்லை.

மார்ச் 5

கம்பியை மறுபடி ஏற்றப் போனேன். கோயில் முக்கில் குப்பம்மாள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இதே ஒசரத்துலயா கட்டப் போறீங்க?”

“விதிப்படி இதுதான்.”

“எனக்கு ஆறு தட்டு வேணுமே.”

“உங்களுக்கு நாலு தலைமுறைதானே ஆச்சு?”

“அதுக்கென்ன, இருந்து பாத்துட்டாப் போகுது. நீங்க கம்பத்த ஒசத்தி நடுங்க.”

கம்பியைக் கட்டாமல் திரும்பினேன். ராத்திரி உட்கார்ந்து, முக்கின் இரண்டு பக்கத்துக்கும் உயரமான கம்பம் வேண்டும் என்று திட்டம் போட்டேன். ஆறு தட்டு, தூக்குகிறவன் தோள், அதற்கு மேல் பாதுகாப்பு இடைவெளி.

ஏப்ரல் 16

கோடைக்கானலுக்கு வரச்சொல்லி என்ஜினீயர் கூப்பிட்டிருந்தார். மேஜை மேல் என் திட்டம்.

“நம்ம லாரியத் தவிர வேற லாரியே போகாத ஊர். விதிக்கு மேல இவ்வளவு உயரம் எதுக்குய்யா?”

“அந்த ஊர்ல கெழவிங்க ரொம்ப நாள் இருக்காங்க சார்.”

முறைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, கையெழுத்துப் போட்டார்.

“திருச்சிக்கு வேற ஆளப் போட்டாச்சு, தெரியுமில்ல?”

தெரியும் என்றேன். கம்பம் ஏற்ற லாரி என்றைக்குக் கிடைக்கும் என்று கேட்டேன்.