தண்ணீர் கேட்காத செடிகள்

12 மே 2024, ஞாயிறு

குரோட்டன்களையும் அந்தூரியத்தையும் பக்கத்து வீட்டு ஸாலிஹா ராத்தாவிடம் கொடுத்துவிட்டேன். இனி மூன்று கிழமைக்கு ஒரு தடவை கொழும்புக்குப் போய், மருந்து ஏற்றி, பத்து நாள் அங்கேயே ஓர் அறையில் கிடந்து வர வேண்டும். ஆறு தடவை. அதுகள் தாங்காது. ஆனால் திரும்பி வந்து கதவைத் திறக்கும்போது வீட்டில் ஏதாவது ஒன்று உயிரோடு நிற்க வேண்டும் எனக்கு. மார்பில் கட்டி என்று சொன்ன அன்றுகூட இவ்வளவு யோசிக்கவில்லை. இதில் மட்டும் ஏன் இந்தப் பிடிவாதம்?

14 மே

பாண்டிருப்பில் தங்கேஸ்வரி அக்காவின் செடிக்கடை. ஆளில்லாத வீட்டில் தாக்குப்பிடிக்கிற செடி கேட்டேன்.

"மருள் கொண்டு போங்க டீச்சர். மாசம் ஒருக்கா ஊத்தினாக் காணும். இது பட்டினியில சாகாது, கூட ஊத்தினாத்தான் அழுகும்."

"ஆரு பாத்துக்கொள்ளுவாங்க?" என்று கேட்டார். ஒருத்தரும் பார்க்கத் தேவையில்லாததைத்தானே கேட்டேன் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். பாவம், நல்லதுக்குத்தான் கேட்டது. மருள் இரண்டு, கள்ளி ஒன்று, போத்தலில் வளரும் மணி பிளாண்ட் ஒன்று.

17 மே

மருள்களுக்கு வெளிச்சம் வேண்டுமாம். முன்வாசலில், பைப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். மற்றவை குசினி ஜன்னலில். வீட்டுக் கதவின் திறப்பை ராத்தாவிடம் கொடுத்து, ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்ற வேண்டாம் என்று மூன்று தரம் சொன்னேன். வகுப்பில் சொல்வதுபோல.

"காக்காட்டச் சொன்னயா புள்ள?"

இல்லை. கூடப்பிறந்த மூத்தவர்தான், ஆனால் மீராசா காக்காவும் நானும் கதைத்து ஆறு வருடம். வாப்பா மௌத்தான பிறகு எனக்கு மாப்பிள்ளை பார்த்ததும் அவர், வாப்பாவின் இடத்தில் வலியாக நின்று நிக்காஹ் முடித்துத் தந்ததும் அவர். நான் காதி கோட்டில் வழக்குப் போட்டுப் பிரிந்தேன். வீடு என் பெயரில் எழுதியது, அதனால் உடுப்புப் பையோடு வெளியே போனது மாப்பிள்ளைதான். காக்காவுக்கு ஊரில் தலைகாட்ட முடியவில்லையாம். அடுத்த தெருவில் இருக்கிறார். கண்டால் சைக்கிளைத் திருப்பிவிடுவார்.

19 மே

கொழும்பு. நரம்பு பிடிபடவில்லை. நாலு இடத்தில் குத்தினார்கள்.

30 மே

வந்து சேர்ந்தேன். முன்வாசல் மருள் இரண்டும் அடியில் கொழகொழவென்று அழுகி, இழுத்தால் கையோடு வருகிறது. சட்டியெல்லாம் சேறு. படித்துப் படித்துச் சொன்னேனே! ஒரு வார்த்தை கேட்க இவர்களுக்கு என்ன கஷ்டம்? சத்தி எடுத்த களைப்பும் கோபமுமாகப் படுத்திருக்கிறேன். ராத்தாவிடம் போகவில்லை. போனால் வாய் தவறிவிடும்.

31 மே

ராத்தாவே வந்தார்.

"நான் தொடவே இல்ல புள்ள. ஒண்ட காக்காதான். நீ போன மறுநாள் தொடக்கம் வாறார். ஆளில்லாத வீடெண்டு தெரியப்படாதாம். அஸர் தொழுகைக்கும் மஃரிபுக்கும் இந்தப் பைப்பிலதான் உளூ எடுத்துப்போட்டுப் பள்ளிக்குப் போறார். தண்ணி வீணாப் போகப்படாதெண்டு சட்டிய இழுத்துக் கீழ வெச்சவர்."

"ஆரு அவருக்குச் சொன்ன?"

"நான்தான். ஏசினா ஏசு."

நாளுக்கு இரண்டு உளூ. பதினொரு நாள். கையும் முகமும் காலும் மும்மூன்று தரம் கழுவிய தண்ணீர். ஒரு மருளுக்கு ஏழு ஆயுளுக்குப் போதும். கணக்கைப் போட்டுக்கொண்டே அழுதேன். செடிக்காக மட்டும் இல்லை.

1 ஜூன்

அஸருக்குப் பைப் திறக்கிற சத்தம் கேட்டது. நான் வந்துவிட்டது அவருக்குத் தெரியும். என் செருப்பு வாசலில்தான் கிடந்தது. நான் வெளியே போகவில்லை. அவரும் கூப்பிடவில்லை.

10 ஜூன்

கொழும்பு. மருந்து வேலை செய்கிறமாதிரித் தெரியவில்லையாம். திரும்ப ஸ்கேன். அடுத்த முறை வீட்டாள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார் டாக்டர். யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். பிறகு சொல்கிறேன் என்றேன்.

என்னிடமே சொல்லலாமே. ஏன் இன்னொரு ஆள்?

24 ஜூன்

ஆளுக்கு எங்கே போவது என்று இரண்டு கிழமையாக யோசித்தேன். ராத்தாவுக்கு முழங்கால் வருத்தம். இன்று அஸருக்குக் கதவைத் திறந்துவிட்டேன். காக்கா முழங்கை ஈரத்தோடு நின்றார். மெலிந்துபோயிருக்கிறார். தாடி நரைத்துவிட்டது. நான் மொட்டைத் தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"கொழும்புக்கு ஆளோட வரட்டாம், காக்கா."

"எப்ப?"

"முப்பதாம் திகதி."

"ஓம். வாறன்."

அவ்வளவுதான். ஆறு வருடத்துக்கு. போகிற நேரம் வெறும் சட்டிகளைப் பார்த்து, "இந்த மரத்துக்கு என்ன நடந்த?" என்று கேட்டார். பூச்சி அடித்துவிட்டது என்றேன்.

1 ஜூலை

கொழும்பு. என்னை வெளியே வாங்குப் பலகையில் இருத்திவிட்டுக் காக்காவை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். அரை மணித்தியாலத்துக்கு மேல். வெளியே வந்தவர் நேரே என்னிடம் வரவில்லை. ரோட்டைக் கடந்து போய் எனக்குப் பிளேன்டீ வாங்கிக்கொண்டு வந்தார்.

என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. அவரே கதையைத் தொடங்கினார்.

"முன்வாசலுக்குப் பூக்கிற மரம் ஒண்டு வெப்பமா, பஸ்லியா?"

"பூக்கிறதெண்டா ஒவ்வொரு நாளும் தண்ணி ஊத்தணும் காக்கா. நான் இங்க வந்து வந்து கிடக்கன்."

"நீ இனி இங்க வரத் தேவல்ல. வீட்டதான் இரிப்பாய். நான் வந்து ஊத்துறன்."

என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். எந்தப் பூ வேண்டும் என்று கேட்டார். செவ்வரத்தை என்றேன், சிவப்பு.