வெந்நீர்க் குளத்தில் மாரிமுத்து

12-8-1934, ஞாயிறு. லாபிஸ் வெந்நீர் ஊற்று விடுதி.

முழங்கால் வலிக்காக, தோட்டத்தில் கணக்கெழுதும் எனக்குத் துரை மூன்று நாள் லீவு கொடுத்தார். வந்த இடத்திலும் நிம்மதியில்லை.

காலையில் குளத்துக்குப் போனேன். நம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் மாரிமுத்து கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கரையேறினான். இரண்டு காலும் வீங்கியிருந்தன.

"தண்ணியிலேயே இருடா" என்றேன்.

"நீங்க குளிச்சு முடிங்க கிராணியாரே. நான் அப்புறம் இறங்கிக்கிறேன்."

இது என்ன, விடியற்காலையில் ஆள் எண்ணும் தோட்டத்துப் பெரட்டுக்களமா? இரண்டு தடவை கத்தினேன். அசையவில்லை. ஈரத்துணியோடு நடுங்கிக்கொண்டு நின்றான்.

அடிமைப் புத்தி போகாத ஜென்மம் என்று நாள் முழுக்க மனசுக்குள் அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அவன் அப்படி நிற்க நிற்க, நான் அரைமணி நேரம் சாவகாசமாகக் குளித்தேன். முழங்கால் வலி நன்றாகவே விட்டிருக்கிறது.