கழற்றி வைத்த மாத்திரை

பிப்ரவரி 6

இன்றும் வாந்தி. பாடம் நடக்கும்போதே வண்டியை ஓரங்கட்டச் சொல்லி இறங்கினேன். டிரைவிங் கற்றுத் தருகிறவள் குனிந்து நிற்க, கற்க வந்த பெண் முதுகைத் தடவுகிறாள்.

மார்புப் புற்றுநோய்க்கு இரண்டு மாத்திரைகள். ஒன்று கட்டிக்குத் தீனி போடும் ஹார்மோனை நிறுத்தும், மற்றது செல் பிரிவதைத் தடுக்கும். "ஒரு வழியை மட்டும் அடைச்சா அடுத்த வழியில வந்துடும். ரெண்டும் சேர்ந்தே போடணும்," என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். தினமும் காலையில் என் கணவர்தான் இரண்டையும் உள்ளங்கையில் வைப்பார். குமட்டலில் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவேன்.

பிப்ரவரி 27

வாந்தி நின்றுவிட்டது. "உடம்பு பழகிடுச்சு," என்கிறார் கணவர்.

மே 9

ஸ்கேன். கட்டி வளர்ந்திருக்கிறது. "மருந்து கேக்கல. ரெண்டையும் நிறுத்திட்டு கீமோவுக்குப் போயிடலாம்," என்றார் டாக்டர். ஒரு வேளைகூடத் தவறாமல் போட்டேனே. என் உடம்பின் மேலேயே எரிச்சல்.

மே 10

காலையில் கணவர் சுவரைப் பார்த்தபடி சொன்னார். பிப்ரவரியிலிருந்து அந்த இரண்டாவது மாத்திரை வெறும் விட்டமினாம்.

"நீ படுற பாட்டைப் பாக்க முடியல. ஒரே லைன்ல ரெண்டு லோடு குடுத்தா கருகிடும்ல. அதான் ஒண்ணைக் கழட்டிட்டேன்."

எலக்ட்ரீஷியன் மூளை! நான் என்ன ஃபியூஸ் போன வீடா? யாரைக் கேட்டுக் கழற்றினார்? அவர் கை என்பதால்தானே பார்க்காமல் விழுங்கினேன்!

"என் உடம்பு இது. வாந்தி எடுத்தாலும் நான்தானே எடுக்கறேன், உனக்கென்ன?" என்று கத்தினேன். கல்யாணமானதிலிருந்து அவரை 'நீ' என்றதில்லை. கிளட்சையும் பிரேக்கையும் மாற்றி மிதிக்கிறவர்களிடம்கூட நான் குரலை உயர்த்தியதில்லை.

மே 12

டாக்டரிடம் அவர் வாயாலேயே சொல்ல வைத்தேன். டாக்டர் அவரை முறைத்த முறைப்பு எனக்குப் போதவில்லை.

"அப்ப மருந்து தோக்கல. ரெண்டையும் சேர்த்துப் போட்டு மூணு மாசம் பாப்போம். வாந்தி வந்தா எங்கிட்ட சொல்லுங்க, குறைக்க வழி இருக்கு."

போன மாதங்கள் போனதுதானே? யார் திருப்பித் தருவார்கள்?

ஜூன் 2

 மாத்திரைகள் என் கைப்பையில். அவர் கொண்டுவந்து வைக்கிற தண்ணீரைக் கொட்டிவிட்டு நானே பிடித்துக் குடிக்கிறேன். அற்பத்தனம்தான். இருக்கட்டும்.

ஆகஸ்ட் 14

கட்டி பாதியாகச் சுருங்கியிருக்கிறது. பக்கத்து நாற்காலியில் அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் சமாதானப்படுத்தவில்லை.

வண்டியில் ஏறியதும் மெதுவாகக் கேட்டார்: "இன்னும் கோபம் போகலையா?"

"போகல. என்ன அவசரம்? இனி நிறைய நாள் இருக்கு," என்றேன்.