சிப்பியில் வருபவளுக்கு ஒரு ஜக்கெற்

அன்புள்ள பாலேஸ்வரிக்கு, மோர்னிங்சைட் மண்டலாதிபதி இரத்தினவேல் எழுதுவது. உமது முழங்கால் நோவு எப்படி? ஒருவரும் நம்பாத கதையொன்றைச் சத்தியம் செய்து சொல்லப்போகிறேன். போனில் சொன்னால் சிரித்துக் கெடுத்துவிடுவீர்.

நான் துப்புரவு செய்யும் பல் வைத்தியசாலையில் பழைய இத்தாலி ஓவியமொன்றின் பிரதி தொங்குகிறது. கடலில், சிப்பியின் மேல் உடுப்பில்லாத ஒரு பெண். உடுப்பில்லாததைக் கவனித்தவன் என்னோடு துப்புரவு செய்யும் நிஸ்தார். நான் சிப்பியைத்தான் பார்த்தேன். காற்றுத் தேவர்கள் ஊதுகிறார்கள். கரையில் ஒருத்தி போர்வை விரித்து நிற்கிறாள்.

“அண்ணை, உது காதல் தேவதையாம்,” என்றான் நிஸ்தார்.

“விசரா, உது எங்கட பியர்சன் எயார்போட். ஊதுறது சனவரிக் காத்து. விசா கிடைச்சு வாற மனிசிக்கு ஜக்கெற்றோட காத்து நிக்கினம். ஐந்நூறு வருசமா ஒருத்தருக்கும் விளங்கேல்லை.”

கேட்டு ஏழு வைத்தியர்கள் மயங்கி விழுந்தார்கள். இத்தாலி எனக்குப் பட்டம் தரப்போகிறது.

உமது விசாவுக்கு இந்த மாதமும் பதிலில்லை. தோள் அளவை நூலால் எடுத்து அனுப்பும். பஸ் வருகிறது, முடிக்கிறேன்.

வைத்தியர்கள் மயங்கியது பொய், பட்டமும் பொய். ஜக்கெற் மட்டும் உண்மை. போன கிழமை நிஸ்தாரின் மனைவி வந்திறங்கியபோது, உமக்கென அளவு தெரியாமலே வாங்கியதை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நானும் எயார்போட்டில் போய் நின்றேன்.

உமது,
இரத்தினவேல்